காப்பாவின் டிரம்மில் புள்ளி உண்டா, இல்லையா

கிராஸ்னி சத்தோன்,
21 பிப்ரவரி 1985, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சகலை கென்னாதி பாவ்லவிச் அவர்களுக்கும் மச்சினி ரிம்மாவுக்கும், வெனியமின் வணக்கத்துடன் எழுதுவது. நானும் காப்பாவும் நலம். ஆற்றின் மேல் பனி எண்பது சென்டிமீட்டர் கனத்துக்கு உறைந்திருக்கிறது. துளை போட்டு மீன் பிடிப்பவர் அளந்து சொன்னது. உங்கள் இடுப்புவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். நான் அனுப்பிய கம்பளிப் பட்டை வந்து சேர்ந்ததா என்பதற்கு இதுவரை பதில் இல்லை.

முதலில் உறுதியான செய்தி. நேற்றுக் காலை 11.20க்கு, உங்கள் நகரத்து ஸ்டூடியோவின் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் நிக்கானர் இலீச், நான் பதிவு செய்திருந்த டிரங்காலில் பேசினார். துப்பாக்கியில் மாட்டும் அந்த இரும்புத் தோட்டா டிரம் தொலையவில்லை. அதே ஸ்டூடியோவின் வார்ப்புக் கூடத்தில் அச்செடுக்கப் போட்ட பிளாஸ்டர் கட்டிக்குள் இருக்கிறது. கட்டியை 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை உடைக்கிறார்கள். லைன் கரகரத்ததால் இரண்டு முறை சொல்லச் சொன்னேன். இரண்டு முறையும் அதே கிழமை, அதே தேதி. எனவே இதை உறுதி என்று எழுதலாம்.

உங்கள் மனைவியின் அக்காவுக்கு ஒரு சினிமாவைப் பார்த்ததிலிருந்து மனம் பேதலித்துவிட்டது என்று ரிம்மா சொல்லியிருப்பாள். அது உறுதியாகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மாவட்டப் பத்திரிகையில் முப்பத்து நான்கு ஆண்டு பால் உற்பத்தியும் ஆற்றுப் பனியும் எழுதியவனுக்கு வரிசை மாற்றி எழுத வராது.

சென்ற அக்டோபர் 6, சனிக்கிழமை மாலைக்காட்சிக்கு ஆலை மன்றத்துக்குப் போனோம். புதிய போர்ப்படம், இரண்டு பாகம். முதல் பாகத்தின் முடிவில் கதாநாயகன் கையிலிருந்த பெபெஷா இயந்திரத் துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிடுகிறது. அதுவே ஒரு செய்திதான், ஏனென்றால் அந்த டிரம் கொள்ளுவது எழுபத்தொரு தோட்டா, அவன் அதுவரை சுட்டது இருநூற்றுப் பன்னிரண்டு. (இது முதல் நாள் எண்ணியதல்ல, பின்னர் வேறு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன்.) அவன் பக்கத்தில் இறந்துகிடக்கும் தோழனின் துப்பாக்கியிலிருந்து டிரம்மைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டுகிறான். 'டக்' என்று உட்கார்ந்துவிடுகிறது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் காப்பா எழுந்து நின்றுவிட்டாள்.

"அது பொருந்தாது" என்றாள்.

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"பொருந்தாதுன்னு சொல்றேன். அது வேற துப்பாக்கியோட டிரம்."

"அவனே மாட்டிட்டான், உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

நான் அவள் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க அந்த டிரம் வந்தது. இரண்டு நொடி. எண், எண்ணுக்குக் கீழே கோழிக்கால் மாதிரி மூன்று கீறல் கொண்ட ஒரு குறி. காப்பா உட்கார்ந்துவிட்டாள். படம் முடியும்வரை அவள் பேசியது ஒரே வார்த்தைதான்: "என் மேசை."

போர் நடக்கும்போது ரிம்மாவுக்கு மூன்று வயது. அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. காப்பா 1942 ஜூனில், பதினைந்து வயதில் எங்கள் ஆலையில் சேர்ந்தாள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் எட்டாத உயரம், அதனால் காலித் தோட்டாப்பெட்டி மேல் ஏறி நின்று வேலை. துப்பாக்கி ஒன்றுக்கு இரண்டு டிரம். தகட்டை அச்சில் அடித்து அவசர அவசரமாகச் செய்தவை என்பதால் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒரு துப்பாக்கியின் டிரம் இன்னொன்றில் ஏறாது, ஏறினாலும் ஆடும், ஆடினால் தோட்டா சிக்கும். அதனால் ஒவ்வொரு டிரம்மையும் அதற்குரிய துப்பாக்கியில் மாட்டிப் பார்த்து, விளிம்பை அரத்தால் தேய்த்து, மறுபடி மாட்டி, கழற்றி, மூன்று முறை சரியாக வந்த பிறகே துப்பாக்கியின் எண்ணை டிரம்மில் எழுதுவார்கள். எண்ணுக்குக் கீழே அந்த மேசையின் குறி. பதினான்காம் மேசையின் குறி கோழிக்கால். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை அந்த மேசையில் காப்பா. இரவு எட்டிலிருந்து காலை எட்டுவரை அதே மேசை, அதே வைஸ், அதே அரம், அதே பெட்டி. ஆள் மட்டும் கிளாபிரா, காப்பாவைவிட ஒரு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பது ஷிப்டு மாறும் அந்தப் பத்து நிமிடம்தான்.

1943 ஜனவரியில் போர்முனையிலிருந்து ஒரு டிரம் திரும்பி வந்தது. கோழிக்கால் குறி. கூடவே ஒரு சீட்டு: ஏழாவது தோட்டாவில் நின்றுவிட்டது. பகல் வேலையா இரவு வேலையா என்று மேற்பார்வையாளருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் இருவருக்கும் பத்து நாள் இருநூறு கிராம் ரொட்டி குறைத்தார். திரும்பி வந்த அந்த டிரம் கிளாபிராவின் இரவு வேலை. மறுநாளிலிருந்து காப்பா தன் கோழிக்காலுக்குக் கீழே ஒரு புள்ளி சேர்த்து அடிக்க ஆரம்பித்தாள். தன் வேலையோடு கிளாபிராவின் வேலை கலந்துவிடக்கூடாது என்ற திமிர் காப்பாவுக்கு என்று கிளாபிரா அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். நாற்பத்திரண்டு ஆண்டாக இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். ரொட்டிக் கடையில் ஒரே வரிசையில் நின்றால் நடுவில் நிற்பவரிடம் சொல்லி அனுப்பிக்கொள்வார்கள்: "அவளை நகரச் சொல்லுங்க." "நகர முடியாதுன்னு சொல்லுங்க."

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1946 தீவிபத்தில் ஆலையின் ஆள்பதிவேடு எரிந்துபோனது. காப்பாவின் வேலைப் புத்தகத்தில் 1942 ஜூன் முதல் 1945 ஆகஸ்டுவரை வெற்றிடம். அந்த மூன்று ஆண்டும் அவள் வீட்டில் சும்மா இருந்ததாக அரசாங்கத்தின் கணக்கு. இந்த மே மாதம் வெற்றியின் நாற்பதாம் ஆண்டு; போர்க்காலத் தொழிலாளர் பட்டியலை ஏப்ரல் ஒன்றாம் தேதி மூடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வெற்றிடம் வெற்றிடம்தான். காப்பா பதக்கத்தைக் கேட்கவில்லை. "அந்தக் கட்டத்துல ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான்" என்கிறாள். எங்கள் திருமணத்துக்குப் பிறகு அவள் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்த வயதில் நான் செய்யக்கூடாத சில காரியங்களைச் செய்தேன்.

திரையில் வந்த குறிக்குக் கீழே புள்ளி இருந்ததா என்று தெரியவேண்டும். இருந்தால் அது அவள் கை. மறுநாளே முதல் வரிசையில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் பறவை பார்க்கும் பைனாக்குலரோடு. ஆறு முறை பார்த்தோம். ஆறாவது முறை கதாநாயகனின் வசனத்தைக் காப்பா அவனுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கத்தில் புகார் வந்தது. கடைசியில் படம் ஓட்டும் ஸாவ்வாவிடம் ஒரு ஜாடி உப்புக்காளானோடு போனேன்.

"நிறுத்தினா பிலிம் எரிஞ்சுரும் வெனியமின் லூகிச்" என்றான்.

"எத்தனை நொடி தாங்கும்?"

"ரெண்டு. பெரிய ஜாடியா சின்ன ஜாடியா?"

"மூணு லிட்டர். ஒன்றரை நொடி நிறுத்து, போதும்."

ஸாவ்வா நேர்மையானவன். ஒன்றரை நொடிதான் நிறுத்தியிருப்பான். ஆனால் அவனும் குறியைப் பார்க்கக் குனிந்துவிட்டான், நான்கு நொடி ஆகிவிட்டது. டிரம்மின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றி, விரிந்து, வெள்ளையாகி, அரங்கத்தில் கருகல் வாசனை. எரிந்த பகுதியை வெட்டி ஒட்டியதில் அதற்குப் பின்னால் வந்த சண்டையும் போய்விட்டது. அடுத்த காட்சியிலிருந்து எங்கள் ஊரில் அந்தப் படத்தில் கதாநாயகன் டிரம்மை மாட்டுகிறான், ஒரு வெள்ளை வெளிச்சம், உடனே கல்யாண விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். பால்பண்ணைப் பெண்கள் இப்போதுதான் படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மன்றத்தின் இயக்குநர் என்னையும் காப்பாவையும் புத்தாண்டுவரை உள்ளே விடக்கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டினார். ஸாவ்வாவின் வாக்குமூலம் இது: "கோழிக்கால் நிச்சயமா இருந்துச்சு. கீழ ஏதோ ஒண்ணு இருந்துச்சு. புள்ளியா, தூசியா, இல்ல பிலிம் எரிய ஆரம்பிச்ச இடமான்னு கேட்டா, சாமி சத்தியமா தெரியாது."

ஸ்டூடியோவுக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதிலாக, கையெழுத்திட்ட கதாநாயகன் படம் வந்தது. இரண்டாவதற்கு, எங்கள் படங்களில் வரலாற்றுப் பிழைக்கு இடமில்லை, கர்னல் ஒருவர் ஆலோசகராக இருக்கிறார் என்று அச்சடித்த பதில். மூன்றாவதைக் காப்பாவே எழுதினாள், இரண்டே வரி: 'அந்த டிரம் அந்தத் துப்பாக்கியில் பொருந்தாது. பொருத்தியவளுக்குத் தெரியும்.' அதற்குத்தான் நிக்கானர் இலீச்சிடமிருந்து தந்தி வந்தது: மன்னிக்கவும், பொருள் வேறு படப்பிடிப்பில்.

அன்று தொடங்கியது அடுத்த வேலை. வேறு படப்பிடிப்பு என்றால் எங்கே? அன்றிலிருந்து தொலைக்காட்சியில் துப்பாக்கி வருகிற எதையும் விடவில்லை. நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நவம்பரில் ஒரு தொடர், ஐந்தாம் பகுதி: எங்கள் கோழிக்கால் ஒரு ஜெர்மானியன் கையில். காப்பா சூப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். எதிரியும் கைப்பற்றிய பெபெஷாவைப் பயன்படுத்தியது உண்மைதான் என்று நான் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். "நான் பெட்டி மேல நின்னு தேய்ச்சது அவனுக்கா?" என்றாள். டிசம்பரில் ஒரு பாட்டு நிகழ்ச்சி: இராணுவக் கோட்டுப் போட்ட பாடகர் பெபெஷாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காதல் பாட்டுப் பாடினார், கேமரா அவர் முகத்தைவிட்டு இறங்கவே இல்லை, மேல்வீட்டுத் தச்சர் எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் கீழ்விளிம்பில் கண்ணை வைத்து எட்டிப் பார்த்தார். புத்தாண்டுக் குழந்தைகள் நாடகத்தில் அதற்கு வெள்ளி வண்ணம் பூசி, விண்வெளிக் கொள்ளைக்காரன் ஒருவன் அதிலிருந்து பச்சை வெளிச்சம் விட்டான். அதிலும் கோழிக்கால். ஜனவரிக்குள் ஒன்பது இடத்தில் பார்த்தோம். ஏழில் குறி தெளிவு, புள்ளி ஒன்றிலும் தெளிவில்லை. ஒரே வாரத்தில் கருங்கடல் ஓரத்திலும் வடக்குக் காட்டிலும் எடுத்த இரண்டு படங்களில் அதே எண், அதே குறி. இந்தத் துப்பாக்கி என்னைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. நிருபனாக அது என் முதல் தவறு. இதற்குள் எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீட்டாரும் பழகிவிட்டார்கள், படத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் சுவரைத் தட்டுவார்கள்: "காப்பா, ரெண்டாவது சேனல். உங்காளு வந்துட்டாரு."

ஜனவரி 22ஆம் தேதி ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனோம். எல்வீரா என்ற அலுவலர். மாவட்டத்திலேயே நேரான பெண்மணி, எதையும் எழுதாமல் விடமாட்டார். கதவைத் திறந்தால் அங்கே ஏற்கெனவே கிளாபிரா உட்கார்ந்திருக்கிறாள். அவள் வேலைப் புத்தகத்திலும் அதே தீ, அதே வெற்றிடம். அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"சினிமால வர்ற டிரம் என்னோடதுன்னு எழுதிக்கோங்க" என்று எல்வீராவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவளோடது இல்லைன்னு எழுதிக்கோங்க" என்றாள் காப்பா, வாசலிலிருந்தே.

எல்வீரா பேனாவை எடுத்தார். "ரெண்டு பேரும் உக்காருங்க. பதிவேடு எரிஞ்சிருந்தா கூட வேலை பார்த்த ரெண்டு சாட்சி வேணும். இருக்காங்களா?"

பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்த வரிசை அது. மிச்சம் இருப்பது இந்த இருவர். கல்லறைத் தோட்டத்தில் நானே போய்ச் சரிபார்த்தேன்.

"இவளை நான் சாட்சி கேக்க மாட்டேன்" என்றாள் கிளாபிரா. "இவ என்ன பாத்தா? காலைல எட்டு மணிக்கு வந்து, என்னைப் பெட்டியிலேருந்து தள்ளிவிட்டுட்டு ஏறி நிப்பா. அவ்வளவுதான்."

"தள்ளாம? வைஸ் மேல கன்னத்தை வெச்சுத் தூங்கிட்டு இருப்பா. கன்னத்துல வைஸோட பல்லு பதிஞ்சிருக்கும். காலரைப் பிடிச்சுத்தான் இறக்கணும்."

எல்வீரா எழுதிக்கொண்டே கேட்டார்: "தினமுமா?"

"மூணு வருஷமும் தினம். டைபஸ் வந்து அவ படுத்த ரெண்டு வாரம் தவிர."

"டைபஸ் வந்தது எனக்கில்ல, உனக்கு."

"எனக்கு வந்தது மார்ச்சுல. உனக்கு நவம்பர்ல."

"ஆமா. இவ மார்ச்சுல படுத்தப்ப ரெண்டு ஷிப்டும் நான்தான் பார்த்தேன். அரத்தை மழுங்கடிச்சு வெச்சுட்டுப் போயிருந்தா, மகராசி."

"மழுங்குனது உன் கையில."

எல்வீரா இரண்டு தாளை இருவர் முன்னாலும் வைத்து, காப்பாவின் முழுப்பெயரிலிருந்து தொடங்கி, கிளாபிராவைப் பார்த்துச் சொன்னார். "கையெழுத்துப் போடுங்க. கபித்தோலினா யெகோரவ்னா மூணு வருஷம் பகல் ஷிப்டுல வேலை பார்த்ததுக்கு நீங்க சாட்சி. கிளாபிரா மிரோனவ்னா இரவு ஷிப்டுல வேலை பார்த்ததுக்கு இவங்க சாட்சி. ரொம்பத் தெளிவா சொல்லியிருக்கீங்க."

இருவரும் தாளைப் பார்த்தார்கள். நான் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கிளாபிரா போட்டாள். பிறகு காப்பா. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

ஆனால் அது ஆளுக்கு ஒரு சாட்சிதான். இரண்டாவது சாட்சி இல்லாவிட்டால் பொருள் ஆதாரம் வேண்டும் என்பது விதி. எல்வீரா புள்ளிக் கதையையும் கேட்டு எழுதிக்கொண்டு, "அந்த டிரம்மைக் கொண்டு வாங்க" என்றார். "புள்ளி இருந்தா இவங்களுக்கு எழுதலாம். இல்லன்னா அவங்களுக்கு. குழு பிப்ரவரி 28ஆம் தேதி உக்காருது." எனவே, சகலை, அந்த டிரம் இருவரில் ஒருவருக்குத்தான் உதவும். வெளியே வந்ததும் கிளாபிரா எங்களுக்கு எதிர்த்திசையில் நடந்தாள், அவள் வீடு எங்கள் திசையில் இருந்தும்.

பிப்ரவரி 11ஆம் தேதி அஞ்சல் அலுவலகத்திலிருந்து அவசரமாக வரச்சொல்லி ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் மக்கள் வெளியே பனியில் நிற்கிறார்கள். உள்ளே மேசை மேல் சாக்குத் துணியில் தைத்த ஒரு பார்சல், பக்கத்தில் காவல் சார்ஜென்ட். வட்டவட்டமாகக் கைக்குத் தட்டுப்படுகிறது என்று அஞ்சல்காரப் பெண் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் சார்ஜென்ட்.

"தோட்டா டிரம்" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் மிகக் கவனமாகத் தையலைப் பிரித்தார். ஒன்றை வெளியே எடுத்தார். அது அவர் கையில் வளைந்தது. ஒருமுறை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், என்னைப் பார்த்தார். "ரப்பர்" என்றார், ஏமாந்த குரலில். மொத்தம் ஐந்து. கூடவே நிக்கானர் இலீச்சின் சீட்டு: அசலைத் தேடுகிறோம், அதுவரை நினைவுப் பரிசாக வைத்துக்கொள்ளவும். படப்பிடிப்புக்குக் கனமில்லாமல் இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு அசல் டிரம்மை அச்செடுத்து எண்பது ரப்பர் டிரம் வார்த்திருக்கிறார்கள். எண்பதிலும் அதே எண், அதே கோழிக்கால். ஜெர்மானியன், பாடகர், விண்வெளிக் கொள்ளைக்காரன் எல்லாருக்கும் அதிலிருந்துதான். எங்கள் ஐந்தில் இரண்டில் புள்ளி இருந்தது, மூன்றில் இல்லை. நிக்கானர் இலீச்சிடம் டிரங்காலில் கேட்டேன். "ரப்பர்ல காத்துக் குமிழி விழுங்க, வெனியமின் லூகிச். நீங்க புள்ளின்னு பாக்கறது குமிழியா இருக்கலாம். புள்ளி இல்லன்னு பாக்கறது ரப்பர் சரியா இறங்காததா இருக்கலாம்" என்றார்.

காப்பா ஒன்றைக் கையில் எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "எண்பதும் ஒரே அச்சு" என்றாள். "எந்தத் துப்பாக்கியிலயும் ஏறும். தேய்க்கவே வேண்டாம்." பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் அவள் சொல்லி, புள்ளி இல்லாத இரண்டைக் கிளாபிரா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கிளாபிரா கதவை முழுக்கத் திறக்காமலே வாங்கிக்கொண்டாள்.

இப்போது உங்கள் வேலை. ஸ்டூடியோ உங்கள் வீட்டிலிருந்து டிராமில் இரண்டாவது நிறுத்தம். செவ்வாய் காலை பத்து மணிக்குப் போய் நிக்கானர் இலீச்சைப் பாருங்கள். கட்டியை உடைத்ததும் குறியை உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; உங்கள் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். மெல்லிய தாளை அதன் மேல் வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து எடுங்கள். குறியையும் அதற்குக் கீழே இரண்டு விரற்கடையையும் சேர்த்து எடுங்கள். நிக்கானர் இலீச்சிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஒரே வார்த்தையில் தந்தி: 'உண்டு' அல்லது 'இல்லை'. வானிலை, உடல்நிலை, ரிம்மாவின் முத்தங்கள் எதுவும் தந்தியில் வேண்டாம். தாளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சனிக்கிழமை படைவீரர் தினம்; உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. ரிம்மாவைக் காப்பா நெற்றியில் தடவிக்கொடுத்ததாக எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் அடுப்பு புகையாமல் எரியட்டும், உங்கள் மாடிப்படி வழுக்காமல் இருக்கட்டும், உங்கள் இடுப்பு கம்பளிப் பட்டைக்குக் கட்டுப்படட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, கீழ்வீட்டு நாய்க்கும் விசாரிப்பு.

என்றும் தங்கள்,
வெனியமின்

பி.கு. திருத்தம். மேலே உள்ளதை உறையில் போடுவதற்கு முன் காப்பா வாங்கிப் படித்தாள். கை முழுக்க, பிளினி அப்பத்துக்குக் கரைத்த மாவு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி மேல் விரலை வைத்து நிறுத்தினாள். தாளில் நீங்கள் பார்க்கும் கறை அதுதான்.

"திரும்பி வந்தது கிளாபிராவோடதுன்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னா?"

"நீதான்."

"நான் எப்போ சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். முப்பத்தாறு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அவள் அதைச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. அவள் கோபமாக இருக்கிறாள், எனவே தவறு மற்றவளுடையது என்று நானாக முடிவுகட்டி, ஆதாரமில்லாமல் எழுதியிருக்கிறேன்.

"அது என்னோடது" என்றாள். "சீட்டுல எண் இருந்துச்சு. அந்த எண் என் கையிலதான் போச்சு. ஷிப்டு முடியற நேரம். கை விறைச்சுப் போயிருந்தது. மூணு தடவை மாட்டிப் பாக்கணும், ஒரு தடவைதான் பாத்தேன். மறுநாள் அவளுக்கும் ரொட்டியக் குறைச்சாங்க. நான் வாயத் திறக்கல. திறந்திருந்தா இருவது நாளும் எனக்கே குறைச்சிருப்பாங்க. இருவது நாள் தாங்காதுன்னு பயம். புள்ளி அதுக்குத்தான் அடிச்சேன். இனிமே என் தப்பு அவ தலையில விழக்கூடாதுன்னு."

கை மாவைத் துடைத்துக்கொண்டே வேறொன்றும் சொன்னாள்: "அந்தச் சீட்டுல துப்பாக்கியைப் பத்தித்தான் எழுதியிருந்துச்சு. பிடிச்சிருந்த ஆளைப் பத்தி ஒண்ணும் எழுதல."

நான் அந்த வரியை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும். கீழ திருத்தம் போடுங்க, உங்க பத்திரிகையில போடற மாதிரி" என்றாள். போட்டுவிட்டேன். எழுதும்போதே இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. புள்ளி இருந்தால் அது காப்பாவின் டிரம் என்பது சரி. இல்லாவிட்டால் கிளாபிராவுடையது என்பது தவறு. 1943 ஜனவரிக்கு முந்தியதாக இருந்தால் அது இருவரில் யாருடையதாகவும் இருக்கலாம். இதை எல்வீராவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. காப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும். இருந்தாலும் நீங்கள் செவ்வாய்க்கிழமை போங்கள்.

நிலுவையில் இருப்பவை: பிளாஸ்டரை உடைப்பது 26ஆம் தேதி. குழு கூடுவது 28. அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. இன்று காலை ரொட்டிக் கடை வரிசையில் காப்பா, நடுவில் யாரையும் வைக்காமல், ஞாயிறு பிளினி சாப்பிட வா என்று கிளாபிராவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் வருகிறேன் என்றிருக்கிறாள். நோன்புக்கு முந்தைய ஞாயிறு அது. ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள், தபால்காரர்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

"அன்னைக்குச் சொன்னா சம்பிரதாயத்துக்குச் சொல்றேன்னு நினைச்சுப்பா" என்கிறாள் காப்பா.

"அப்போ சனிக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிடு."

"சனிக்கிழமை அவ வரமாட்டா."

திரும்பி வந்தது தன் டிரம் என்று சொல்வாளா என்பது இந்த நேரம்வரை உறுதியாகவில்லை. கிளாபிரா ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறாள்.